நாணயம் என்னும் பாடம்

தஞ்சோங் பகார் புகைவண்டி நிலையத்தின் முகப்பிலே நான்கு பெரிய சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. உழவு, தொழில், வணிகம், போக்குவரத்து என்னும் நான்கையும் குறிப்பவை அவை. அந்நிலையம் 1932-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. மலாயாவின் விளைபொருள்கள் அவ்வழியே துறைமுகத்தை அடைந்து உலகச் சந்தைக்குப் போயின. உள்ளே இருக்கும் சுவர்ச் சித்திரங்களில் ரப்பர் மரம் வெட்டும் காட்சியும் ஒன்று. 2011 ஜூன் 30-ஆம் நாளுடன் அங்கு வண்டி வருவது நின்றது. கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது.

ஜோகூர்த் தோட்டமொன்றில் பிறந்த நான், சிறுவனாய்த் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு முதன்முதலில் சிங்கப்பூர் மண்ணில் இறங்கியது அந்த நிலையத்தில்தான். நான்கு உருவங்களும் எவை என்று தந்தையார் யாரையோ கேட்டுத் தெரிந்து சொன்னார். “வணிகத்துக்கு எதுக்கப்பா சிலை?” என்று கேட்டேன். “நாம வெட்டுற பாலுக்கு விலை போடுறவங்க அவங்கதானே, தம்பி” என்றார்.

பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தோட்டப் பள்ளிகளிலேயே பணியாற்றி வருகிறேன். அந்த விடை இன்றும் என்னை விட்டு அகலவில்லை. விலை போடுகிறவனுக்கு அறத்தைக் கற்பிப்பவர் யார்? அதை எங்கே, எவ்வாறு கற்பிப்பது? இன்று வணிகக் கல்வி பயிற்றும் கல்லூரிகள் யாவும் “உலகக் குடிமை”, “அறப்பண்பு” என்னும் சொற்களை ஓதுகின்றன. இவை புதிய சொற்களாக இருக்கலாம். பொருள் நமக்குப் புதிதன்று. தமிழ் வணிகர் கடல் கடந்து சென்ற வரலாற்றில் இப்பாடம் நன்றாகக் கற்பிக்கப்பட்ட இடமும் உண்டு. பாதியிலே நின்றுபோன இடமும் உண்டு. இரண்டையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய வணிகரும் அயலாரும்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பேசும் பட்டினப்பாலை, அவர்களுடைய நடுவுநிலைமைக்கு நுகத்தடியின் நடுவில் தைத்த ஆணியை உவமை கூறுகிறது. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்தவர்கள் என்று பாராட்டுகிறது. வள்ளுவரும் வாணிகம் செய்வார்க்கு இதையே நெறியாக வகுத்தார். தமிழாசிரியர்கள் இவ்விரு பகுதிகளையும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆனால் அவற்றை இலக்கிய வகுப்போடு நிறுத்திவிடுகிறோம். கணக்கியல் வகுப்புக்கு அவை செல்வதில்லை.

இலக்கியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே, லோபு துவா என்னும் இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 1088. “திசையாயிரத்து ஐந்நூற்றுவர்” என்னும் வணிகக் குழுவினர் அதனைப் பொறித்தனர். கப்பலில் வருவோர் எவ்வளவு பொன் செலுத்தவேண்டும் என்பதை அக்கல்வெட்டு வரையறுக்கிறது. பிற நாட்டுத் துறைமுகத்தில் இருந்துகொண்டு, தொழிலுக்குரிய விதியை எல்லாரும் அறியக் கல்லிலே எழுதி வைத்தார்கள். எழுதிய விதி ஒன்று இருந்தால்தான் மீறியவனைக் கேட்க முடியும். வணிக அறத்தின் முதற்படி அது.

ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்னும் துறைமுகம் உண்டு. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டளவில் அங்கே ஓர் அபய சாசனம் பொறித்தான். புயலில் சிக்கிக் கரையொதுங்கும் கப்பல்களிலிருந்த பொன், யானை, குதிரை, மணி ஆகியவற்றை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர் என்றும், தான் உரிய தீர்வை தவிர வேறெதையும் எடுப்பதில்லை என்றும் அம்மன்னன் அறிவித்தான். துன்பத்தில் வந்து சேர்ந்த அயலானின் பொருளைத் தொடாதிருப்பதே அச்சாசனத்தின் உயிர்நாடி. உலகக் குடிமைக்கு இதனினும் எளிய விளக்கம் இல்லை.

கிட்டங்கியில் ஒரு பள்ளிக்கூடம்

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1864-இல் தஞ்சோங் பகார்த் துறைமுகக் கம்பெனி தோன்றியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவின் நீராவிக் கப்பல்கள் பெருகி வந்தன. தஞ்சோங் பகாரில் தமிழரும் சீனரும் மூட்டை சுமந்தனர். அங்கிருந்து நடந்து போகும் தொலைவிலே, மார்க்கெட் தெருவில், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் தேங்க் ரோட்டில் குடமுழுக்குப் பெற்றது.

கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் தரையில் ஓரிடம், ஒரு மரப்பெட்டி, ஓர் அலமாரி, அவ்வளவே அலுவலகம். வேலையாட்கள் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினர். இதனை வட்டிக்கடை என்று மட்டும் கருதுவோர் உண்மையில் பாதியையே அறிந்தவர் ஆவர். அஃது ஒரு வணிகப் பள்ளிக்கூடமுமாகும்.

செட்டிநாட்டில் சிறுவன் எண்சுவடியைப் பாராமற் படித்து, முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களை விரல்நுனியில் வைத்திருப்பான். பிறகு “கொண்டுவிற்கப்” புறப்படுவான். கடல் கடந்து தொழிலுக்குப் போவதற்கு அவர்கள் வழங்கிய பெயர் அது. முதலில் அவன் பெட்டியடிப் பையன். பெட்டியருகே அமர்ந்து ஏவலைச் செய்வதும், பெரியவர்கள் பேசுவதைக் கேட்பதும், கணக்கைப் படியெடுப்பதும் அவன் வேலை. அடுத்து அவன் அடுத்தாள் ஆவான், பின்பு மேலாள், தகுதியுடையவன் நிறுவனத்தை நடத்தும் ஏஜெண்டாகவும் உயர்வான். மூன்றாண்டு ஒரு தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பவேண்டும்.

அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுக்கப்படும். அவற்றின் படிகள் ஊரிலிருக்கும் முதலாளிக்குச் சென்றுகொண்டே இருக்கும். எழுதுகிறவன் ஒருவன், பார்க்கிறவன் வேறொருவன். கணக்கு பிள்ளையார் சுழியுடன் தொடங்கும். தருமத்துக்கென ஒதுக்கும் மகமை கணக்கிலேயே இடம்பெறும். இத்தாலியில் 1494-இல் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலி என்னும் துறவியும், வணிகர் தம் ஏட்டைக் கடவுள் பெயரால் தொடங்கவேண்டும் என்றே எழுதினார். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டவரும் கணக்கில் ஒரு சாட்சி வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

தவறு செய்தவனுக்குத் தண்டனை என்ன? நீதிமன்றத்துக்கு முன்னரே சமூகத்தின் பஞ்சாயத்து இருந்தது. ஒரு கிட்டங்கியில் கை நீட்டியவனை மற்றொரு கிட்டங்கி சேர்த்துக்கொள்ளாது. எனவே ஆயிரக்கணக்கான கல் தொலைவில், வெறும் கடிதப் போக்குவரத்தைக் கொண்டு, பெருந்தொகையை ஓர் இளைஞன் கையில் ஒப்படைக்க முடிந்தது. தமிழில் “நாணயம்” என்னும் சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். இரண்டும் ஒன்றே என்று பெட்டியடிப் பையன் தனிப் பாடவேளை இல்லாமலே கற்றுக்கொண்டான். கணக்கு வேறாகவும் ஒழுக்கம் வேறாகவும் அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. ஆசிரியராகிய நாம் இதில் கற்கவேண்டியது மிகுதி.

பேரேட்டின் மறுபக்கம்

ஆயினும் அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தில் ஒரு குறை இருந்தது. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. அதன் நாணயம் பெரும்பாலும் உள்வட்டத்து நாணயம். முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும், ஒரு நிறுவனத்துக்கும் மற்றொரு நிறுவனத்துக்கும் இடையே அது வைரம்போல் உறுதியாக இருந்தது. பெட்டிக்கு எதிரே நிற்கும் அயலான் நிலை என்னாகும் என்பது பாடத்தில் இல்லை.

இதற்குச் சான்று பர்மா. ஐராவதி ஆற்று முகத்துவாரக் காடுகள் நெல்வயல்களாக மாறியதற்கு நகரத்தார் முதல் பெருந்துணை புரிந்தது. ஐரோப்பிய வங்கிகள் பர்மிய உழவனுக்கு நேரே கடன் கொடுக்கவில்லை, நகரத்தாருக்குக் கொடுத்தன, நகரத்தார் உழவனுக்குக் கொடுத்தனர். 1929-30-இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்ததாக மதிப்பிட்டது. அவர்களுடைய நிர்வாகத் திறமையை அக்குழு பாராட்டவும் செய்தது.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதியாகவும் அதற்குக் கீழும் வீழ்ந்தது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூடை நெல் ஒரு ரூபாய் விற்கும்போது உழவன் ஒருவன் நூறு ரூபாய் கடன் வாங்குகிறான் என்று கொள்வோம். கடனை அடைக்க நூறு கூடை நெல் போதும். விலை எட்டணாவாக இறங்கினால் அதே கடனுக்கு இருநூறு கூடை வேண்டும். கடன் கொடுத்தவன் பேரேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை; அங்கே இருப்பது அதே நூறு ரூபாய்தான். உழவனுக்கு ஒரு பேரேடு இருந்தால் அதில் சுமை இரட்டித்திருக்கும். ஆனால் அவனிடம் பேரேடு இல்லை. அவன் சார்பில் எழுதிப் பார்த்தவரும் இல்லை.

விளைவு என்ன? கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கைவசமிருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர். மொத்தத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது ஏறத்தாழ 24,68,000 ஏக்கர். நூற்றுக்கு 25 பங்கு. அவர்கள் நிலத்தை விரும்பிப் பறித்தனர் என்று சொல்வது பொருந்தாது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பணம். கைக்கு வந்தது மண். மந்தத்தை உண்டாக்கியவரும் அவர் அல்லர். அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும், உழவனைக் காக்கும் சட்டம் இயற்றத் தாமதித்த அரசாங்கமும் பொறுப்பில் பங்குடையவையே. ஆனால் நிலமிழந்த பர்மியனுக்கு எதிரே தெரிந்த முகம் செட்டியாரின் முகம்தான்.

1930-இலும் 1938-இலும் இந்தியருக்கு எதிரான கலகங்கள் மூண்டன. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவே பர்மாவை விட்டு வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1963-லும் 1964-லும் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. பல தலைமுறை உழைப்பு காற்றில் கரைந்தது. அதில் வட்டிக்கடைக்காரர் மட்டும் அழியவில்லை. இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஏழைத் தமிழனும் சேர்ந்தே துன்பப்பட்டான்.

மலாயாவிலும் இதன் சாயல் காணப்பட்டது. மந்தக் காலத்தில் மலாய்க் குடியானவரின் நிலங்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறும் என்று அஞ்சிய அரசாங்கம், 1913-ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கு நிலச் சட்டத்தை 1933-இல் இறுக்கியது. வணிகன் தானே வகுத்துக்கொள்ளாத எல்லையை அரசு வகுத்தது. அயலான் கணக்கை நாம் பார்க்காவிட்டால், பின்னர் வரலாறு அதனை நம் முன் விரித்து வைக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். அதே சமூகம்தான் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தந்தது. அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். கொடைக் குணத்துக்கு அங்கே குறைவில்லை. ஆனால் இலாபத்தைப் பின்னர் அறத்துக்குக் கொடுப்பது ஒன்று. இலாபம் வரும் வழியிலேயே அறத்தைக் காப்பது வேறொன்று. முன்னதைக் கொடை என்கிறோம். வணிகக் கல்வி கற்பிக்கவேண்டியது பின்னதை.

தொழிலாளர் எழுதிய கணக்கு

பெட்டிக்கு எதிரே நின்றவரும் ஒருநாள் கணக்கு எழுதக் கற்றனர். அதுவும் வணிகக் கல்வியின் வரலாறே.

1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளரும் கைத்தொழிலாளரும், ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவில் கலப்படமும் தராசில் களவும் மலிந்திருந்த காலம் அது. தூய பண்டம், சரியான நிறை என்பது அவர்கள் கொள்கை. பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கடைக்கு வருபவன் கணக்கைப் புரிந்துகொள்ளாவிட்டால் கடை நாணயமாக நீடிக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அந்த அலை கிழக்கேயும் வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1922-இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் 1925-இல் அரசாங்க ஊழியர்களிடையே தோன்றியது. சம்பளக்காரர் வட்டிக்கடையை நாடாமல், தமக்குள் சேமித்துத் தமக்குள் கடன் பெறுவதே அதன் நோக்கம். 1969-இல் சிங்கப்பூர்த் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கூட்டுறவு முயற்சிகளில் இறங்கத் தீர்மானித்தது. 1970-இல் காப்புறுதிக் கூட்டுறவும், 1973-இல் தோ பாயோவில் பலசரக்குப் பேரங்காடியும் எழுந்தன. எண்ணெய் நெருக்கடியால் விலைகள் ஏறிய ஆண்டுகளில் அரிசியும் சர்க்கரையும் நியாய விலையில் கிடைக்கச் செய்தது அந்தப் பேரங்காடி.

மலாயாத் தோட்டங்களில் நடந்ததோ எங்கள் வீட்டுக் கதை. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றனர். தொழிலாளி வேலையை மட்டும் அல்ல, தான் பிறந்த லயத்து வீட்டையும் இழந்தான். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். நாட்கூலித் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் செலுத்தினர். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மரம் வெட்டியவன் தோட்டத்தின் பங்குதாரன் ஆனான். பங்கு என்றால் என்ன, ஈவுத்தொகை என்றால் என்ன, ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்பது எப்படி என்பதை என் பாட்டனார் தலைமுறை பள்ளிக்குப் போகாமலே கற்றது.

தஞ்சோங் பகாரிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே மிகுதியாக வாழ்ந்தன. ஆடவர் உழைப்பாளிகளாகவும் சிறு வணிகராகவும் இருந்தனர். பெண்கள் மசாலை இடித்து விற்றுக் குடும்பம் காத்தனர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தோன்றியது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், அது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. கைவருவாயிலிருந்து மிச்சம் பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் அவர்கள். அப்பள்ளி உயர்நிலை வகுப்புகளையும் தமிழில் நடத்தி 1982-இல் மூடப்பட்டது. உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரை வணிகர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். வணிகன் ஆதரித்த புலவர் பெயரில் உழைப்பாளர் ஒரு பள்ளி நடத்தினர்.

ஐந்து எட்டுகள்

மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்தன. அவற்றிருந்த வட்டாரத்திலே வானளாவும் வங்கிக் கட்டடங்கள் எழுந்தன. 1995 பிப்ரவரியில் அங்கிருந்து ஒரு செய்தி உலகத்தையே உலுக்கியது. 1762-இல் தொடங்கப்பட்ட இலண்டன் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் பணியாற்றிய நிக் லீசன் என்னும் இளைஞர், 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் நட்டங்களை மறைத்து வந்தார். மொத்த நட்டம் சுமார் 82 கோடியே 70 இலட்சம் பவுண்டு. வங்கியை டச்சு நிறுவனம் ஒன்று ஒரே ஒரு பவுண்டு விலைக்கு ஏற்றது. சிங்கப்பூர் நீதிமன்றம் லீசனுக்கு ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

எங்கே பிழை? வாங்கி விற்பதும் அதற்குக் கணக்கு வைப்பதும் ஒரே ஆள் மேற்பார்வையில் இருந்தன. எழுதுகிறவன் ஒருவன், பார்க்கிறவன் வேறொருவன் என்பதைப் பெட்டியடிப் பையனே அறிந்திருந்தான். 233 ஆண்டு வயதுடைய வங்கி மறந்தது. கல்வியும் கருவியும் வளர்ந்தாலும் நாணயம் தானே வளர்ந்துவிடாது என்பதற்கு இதுவே போதும்.

2001-இல் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் பொய்க் கணக்கால் வீழ்ந்தது. இத்தகைய நிகழ்ச்சிகள் வணிகக் கல்லூரிகளையும் உறுத்தின. ஐக்கிய நாடுகள் சபையின் உலக உடன்படிக்கை 2000-இல் நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்டிருந்தது. அதன் ஆதரவில் 2007-இல் பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான நெறிகள் வெளியாயின. உலகெங்குமுள்ள பல வணிகக் கல்லூரிகள் அவற்றை ஏற்றுக் கையெழுத்திட்டன. இது நல்ல தொடக்கம். எனினும் கையெழுத்து பாடம் ஆகிவிடாது. அறத்துக்கென வாரத்தில் ஒரு வேளையை ஒதுக்கிவிட்டு, மற்ற வேளைகளிலெல்லாம் இலாபத்தை மட்டும் கற்பித்தால், மாணவன் எதை நம்புவான்?

வகுப்பறையில் செய்யத்தக்கது

என் பட்டறிவிலிருந்து ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில் ஒரு கடை இருந்தது. சம்பள நாள் வரை பொருள் கடனுக்குக் கிடைக்கும். கணக்கெல்லாம் 555 நோட்டில் ஏறும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்காம் வகுப்பில் கூட்டல் நன்றாக வந்த பெருமையில் ஒருநாள் எங்கள் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். கடைக்காரர் போட்ட தொகையில் மூன்று வெள்ளி கூடுதலாக இருந்தது. அம்மா என்னை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அடித்துத் திருத்தினார்.

வெற்றி பெற்ற வீரன்போல் நான் வீடு திரும்பினேன். அம்மா, “நம்ம நோட்டைப் பாத்தாச்சு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா நோட்டையும் வாங்கிக் கூட்டிப் பாரு. புல்லு வெட்டுற ஜாவாக்காரர் நோட்டையும் கேட்டு வாங்கிப் பாரு. அவருக்கும் எழுத்துத் தெரியாது” என்றார். எங்கள் மூன்று வெள்ளி கிடைத்ததோடு நான் பாடத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தேன். அம்மா அதை அடுத்த வீட்டுக்கும் அடுத்த இனத்துக்கும் கொண்டுபோனார். உலகக் குடிமை என்னும் சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

அந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு பயிற்சியை உருவாக்கி மேல்வகுப்புகளில் நடத்தி வருகிறேன். கணக்கு ஒவ்வொன்றையும் இருமுறை செய்யச் சொல்வேன். முதலில் விற்பவன் ஏட்டில் எழுது. பின் வாங்குபவன் ஏட்டில் எழுது. கடன் கொடுத்தவன் பக்கம் ஒரு கணக்கு. கடன் வாங்கியவன் பக்கம் ஒரு கணக்கு. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று கற்பிக்கிறோம். ஒருவன் ஏட்டில் வரவேண்டிய கடனாக இருப்பது, மற்றொருவன் ஏட்டில் கொடுக்கவேண்டிய கடனாக இருக்கிறது. இந்த மறு ஏட்டையும் மாணவன் தன் கையாலேயே எழுதவேண்டும்.

பர்மிய உழவனின் நூறு கூடைக் கணக்கை இவ்வாறு செய்வித்தபோது, ஒரு மாணவி எழுந்து, “ஐயா, கடன்காரர் ஏட்டில் எந்தத் தப்பும் இல்லையே, பிறகு ஏன் உழவர் நிலம் போச்சு?” என்று கேட்டாள். வணிக அறத்தின் கடினமான கேள்வி அது. கணக்கில் பிழையின்றியே அநீதி நேரலாம். விலை வீழும்போது தவணையை நீட்டலாமா? வட்டியைத் தள்ளலாமா? தள்ளினால், கடன் கொடுத்தவனுக்குப் பணம் தந்த வங்கிக்கு யார் பதில் சொல்வது? அன்று பாடவேளை முடிந்தும் வகுப்பு முடியவில்லை. விடையை நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பது நிமிடம் அவர்கள் ஓர் அயலானின் ஏட்டைக் கையில் வைத்திருந்தார்கள்.

கணக்கியலும் வணிகமும் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பயிற்சிக் கணக்குகளில் வரும் பெயர்கள் நம்மவர் பெயர்களாகவே இருக்கவேண்டியதில்லை. அகமதுவும் ஆ சியோங்கும், வங்காளத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியும் இந்தோனேசியப் பணிப்பெண்ணும் அவற்றில் வரட்டும். ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளிக்குக் கட்டணம் எவ்வளவு, அதில் அவனுக்குச் சொல்லப்பட்டது எவ்வளவு என்று மாணவர் கணக்கிடட்டும். தமிழாசிரியர்களோ, பட்டினப்பாலையையும் குறளையும் நடத்தும் நாளில் கணக்கியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைக்கலாம். நடுவுநிலைமையைப் பேரேட்டில் காட்ட அவரால்தான் முடியும்.

தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் வணிகத்தின் உருவம் இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில் உழவும் தொழிலும் நிற்கின்றன. அடுத்த முறை மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லும்போது அவர்களை அங்கே நிறுத்தி, எங்கள் பாலுக்கு விலை போட்டவர்களைப் பற்றி என் தந்தையார் சொன்னதைச் சொல்லப்போகிறேன். விலை போடும் இடத்துக்கு நாளை அவர்களில் சிலர் போகக்கூடும். அப்போது எதிரே நிற்பவனின் நோட்டையும் அவர்கள் வாங்கிக் கூட்டிப் பார்க்கவேண்டும்.